464 விவசாயிகளும் பரீட்சை எழுதாத ஆலையும்

2013 ஆகஸ்ட் கடைசியில் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதினது ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் என்று நாலு பேர். வறுமை மனுஷனோட யோசிக்கிற சக்தியைக் குறைக்கிறது என்பதுதான் அதன் சாரம். உலகம் பூரா பேசினாங்க, புத்தகமும் வந்தது. அந்த ஆராய்ச்சியில் ஒரு பாதி அமெரிக்காவில் நியூஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலில் நடந்தது. மறு பாதி எங்கே தெரியுமா? நம்ம விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம். 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள்.

ஏன் கரும்பு? கரும்புக்காரனுக்கு வருஷத்துல ஒரு தடவைதான் மொத்தமாகக் காசு வரும். வெட்டுக்கு முன்னாடி முடை, பணம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு. அதே ஆள், அதே மூளை. ஆகவே வெட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை சோதித்துப் பார்த்தால் வறுமை என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். என்ன சோதனை? ஒரு கோலத்துல ஒரு துண்டு காணாம இருக்கும், எந்தத் துண்டு பொருந்தும்னு சொல்லணும். இன்னொண்ணு, '5 5 5' என்று காட்டுவாங்க, அஞ்சுன்னு சொல்லக்கூடாது, மூணு தடவை இருக்குன்னு மூணு சொல்லணும்.

வெட்டுக்கு முன்னால் மார்க் குறைந்தது, பின்னால் ஏறியது. கூடவே இன்னும் சில எண்களும் இருந்தன. வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 சதவீதம்தான். முன்னால் 99 சதவீதம் பேருக்குக் கடன், பின்னால் 13 சதவீதம். பண நெருக்கடி மூளைக்குத் தர்ற சுமை, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காம இருக்கறதுக்குச் சமம்னு ஆய்வாளர்கள் ஒப்பிட்டுச் சொன்னாங்க.

நியாயமாச் சொல்லணும்னா அவங்க நோக்கம் நல்ல நோக்கம்தான். 'ஏழைங்க புத்தி கம்மியா இருக்கறதாலதான் ஏழையா இருக்காங்க' என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்களுக்கு அது ஒரு அடி. பசி வந்தால் எதெல்லாம் பறந்து போகும்னு ஔவையார் போட்ட பட்டியல்ல அறிவுடைமையும் உண்டு என்பது நமக்குத் தெரியும். ஹார்வர்டுக்கும் பிரின்ஸ்டனுக்கும் தெரிய வேண்டாமா? தெரிஞ்சுதே, சந்தோஷம்.

எனக்குக் கோபம் வேற இடத்துல.

முன்னால்-பின்னால் என்று சும்மா ஒப்பிட்டால் மழை, பண்டிகை, பள்ளிக்கூட ஃபீஸ் என்று ஆயிரம் விஷயம் நடுவுல வந்து கெடுத்துடும். அதைச் சமாளிக்க அவங்களுக்கு ஒரு வசதி கிடைத்தது. ஒரே ஊரிலேயே ஆளுக்கு ஆள் வெட்டு நாள் மாறும். சில மாச இடைவெளிகூட ஆகும். நாளைத் தீர்மானிக்கிறது விவசாயி இல்லை, ஆலை. அதனால் தற்செயல் மாதிரி, குலுக்கல் சீட்டு மாதிரி எடுத்துக்கலாம். புள்ளியியல்காரருக்கு இதைவிட அழகான ஏற்பாடு கிடைக்காது.

கரும்பு போட்ட வீட்ல பொறந்தவனுக்கு இந்த இடம் படிக்கறப்போ வயிறு எரியும். பத்து, பன்னிரண்டு மாசம் வளர்த்த பதிவுக் கரும்பு. கட்டிங் ஆர்டர் எப்ப வரும்னு கோட்ட அலுவலகத்துக்கு நடையா நடக்கணும். ஆர்டர் தள்ளிப்போனா கரும்பு பூத்துடும், காயும், எடை விழும். வெட்டாளுங்க கிடைக்கணும். வெட்டுக்கூலி நாம பேசினது ஒண்ணு, வயல்ல நின்னு கேட்கறது வேற. வண்டி வரணும், ஆலை வாசல்ல வரிசையில நிக்கணும். அங்கே காய்ஞ்சா அதுவும் நம்ம எடைதான். எல்லாம் முடிஞ்சு பணம் எப்ப வரும்? அதுவும் ஆலை கையில். ஒரு விவசாயி எந்த மாசத்துல ஏழையா இருக்கணும், எந்த மாசத்துல இல்லாம இருக்கணும்னு முடிவு பண்ற அதிகாரம் ஆலைகிட்ட இருக்கு. அந்த ஆலை இந்த ஆய்வில் எப்படி வருகிறது? வானிலை மாதிரி வருகிறது. மழை பெய்தது, வெயில் அடித்தது, ஆலை வெட்டு உத்தரவு கொடுத்தது.

1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்று ஒன்று இருக்கிறது. கரும்பு ஆலைக்குப் போன 14 நாளுக்குள் பணம் கொடுக்கணும், தாமதமானால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டியோட கொடுக்கணும்னு அதுல தெளிவா இருக்கு. தமிழ்நாட்டுத் தனியார் ஆலைகள் என்ன செய்தன? 2013-14-ல் இருந்து 2016-17 வரைக்கும் மாநில அரசு அறிவித்த விலையைத் தராமல், மத்திய அரசு விலைக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தை நிறுத்தி வைத்தன. பாக்கி ஆயிரம் கோடிக்கு மேல் போய், அதுக்காக விவசாயிகள் வருஷக்கணக்கில் தெருவில் நின்றார்கள். தொடங்கின வருஷத்தைக் கவனிச்சீங்களா? கட்டுரை வந்த அதே 2013.

வறுமை மூளையை அடைக்கிறது, சரி. அந்த அடைப்பை வைத்தது யாரு என்று கேட்கிற ஆராய்ச்சி எங்கே? 464 விவசாயிகளுக்குக் காணாமப் போன துண்டைக் கண்டுபிடிக்கிற பரீட்சை வெச்சீங்களே, ஆலை நிர்வாகத்துக்கும் ஒரு பேப்பர் கொடுத்திருக்கலாமே. காணாமப் போன துண்டு அவங்ககிட்டதானே இருக்கு? :-)

இது ஒரு கட்டுரை மேல உள்ள கோபம்னு நினைச்சா தப்பு. வறுமை ஆராய்ச்சி, 'சமூக விலக்கம்', 'நிதி விலக்கம்' என்று வண்டி வண்டியா எழுதறாங்களே, அந்தத் துறையோட பெரும்பகுதிக்கு இதே நோய். விலக்கப்பட்டவனை உட்கார வெச்சு ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்பாங்க. போன வாரம் எத்தனை முட்டை, போன மாசம் எவ்வளவு எண்ணெய், கடன் எவ்வளவு, புருஷன் குடிப்பாரா. விலக்கினவனை ஒரு டீ குடிக்கிற நேரம்கூடக் கேட்க மாட்டாங்க.

இந்தச் சொற்கள் பிறந்தப்போ இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 'நிதி விலக்கம்' என்கிற கருத்தை 1990-களில் முன்வைத்தவர்களில் முக்கியமானவர்கள் ஆண்ட்ரூ லேஷான், நைஜல் த்ரிஃப்ட் என்ற ரெண்டு பேர். பொருளாதார நிபுணர்கள்கூட இல்லை, புவியியல்காரர்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வங்கிகள் ஏழைப் பகுதிகளில் கிளைகளை மூடிட்டு, காசு இருக்கிற பேட்டைகளுக்கு ஒதுங்கினதைப் பத்தி 1995-ல் எழுதினாங்க. அவங்க பயன்படுத்தின இன்னொரு சொல்லைத் தமிழ்ல சொன்னா 'கைவிடல்'. யார் கைவிட்டது? வங்கி. அதாவது அந்தச் சொல் பிறந்தப்போ குற்றவாளிக் கூண்டில் நின்றது வங்கி. அது கப்பலேறி இங்க வந்து சேர்றதுக்குள்ள கூண்டில் ஆள் மாறிடுச்சு. 'கிராமப்புற ஏழை மக்களிடையே நிதி அறிவு போதவில்லை' என்று இப்போ அறிக்கை எழுதறாங்க. நிதி அறிவாம்! வார வட்டி, மீட்டர் வட்டி, சீட்டு, குழுக்கடன், நகைக்கடன், மொய், கைமாத்து என்று ஏழெட்டுக் கணக்கை நோட்டு இல்லாம மண்டைக்குள்ள ஓட்டுற பொம்பளைக்கு எம்.பி.ஏ. படிச்ச பையன் வந்து சேமிப்பின் அவசியம் பத்தி வகுப்பு எடுக்கிறான்.

நம்ம நாட்டுக் கதையைப் பார்ப்போம். ரிசர்வ் வங்கி 2005 நவம்பரில், இருப்புத் தொகை இல்லாமலோ ரொம்பக் குறைவாகவோ ஒரு எளிய கணக்கு ஆரம்பிக்கலாம் என்று எல்லா வங்கிகளுக்கும் சொன்னது. புதுச்சேரி பக்கத்துல மங்கலம் கிராமத்துல வீட்டுக்கு வீடு கணக்கு ஆரம்பிச்சு, 'எல்லாக் குடும்பத்துக்கும் வங்கி வசதி கிடைத்த இந்தியாவின் முதல் கிராமம்'னு பேர் வாங்கினாங்க. அப்புறம் மாவட்டம் மாவட்டமா 'நூறு சதவீதம்' அறிவிச்சாங்க. கடலூர் மாவட்டத்தில் பின்னால் போய்ப் பார்த்தவர்கள், அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை தூங்கிக்கொண்டிருப்பதை எழுதினார்கள். 2014 ஆகஸ்ட் 28-ல் ஜன் தன் வந்தது. 2023-ல் கணக்கு எண்ணிக்கை 50 கோடியைத் தாண்டியது. கின்னஸ் வரைக்கும் போச்சு.

2016 செப்டம்பர்ல 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஒரு செய்தி போட்டது. பொதுத்துறை வங்கிகளிலும் அவற்றோட கிராமிய வங்கிகளிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜன் தன் கணக்கில் சரியா ஒரு ரூபாய் இருந்தது. பணமே இல்லாத கணக்குகளின் எண்ணிக்கை கம்மியாத் தெரியணும்னு மேலிருந்து வந்த நெருக்கடியில், ஊழியர்களே ஒரு ரூபா போட்டிருக்காங்க, சில இடத்துல சொந்தக் காசுல. இதைக் கண்டுபிடிச்சது தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்ட பத்திரிகைக்காரங்க. பேராசிரியர்கள் இல்லை. ஏன்னா பேராசிரியர்களோட கேள்வித்தாள் வீட்டுக்குத்தான் போகும், கிளைக்குப் போகாது.

2017-ல் உலக வங்கி எடுத்த உலகளாவிய சர்வேயில், இந்தியாவில் கணக்கு வைத்திருந்தவர்களில் 48 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருஷத்துல போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. (அதுக்கப்புறம் வந்த சர்வேக்களில் இது நல்லாவே குறைஞ்சிருக்கு, அதையும் சொல்லிடறேன்.) அந்த சர்வேயில் கணக்கு இல்லாதவங்ககிட்ட ஏன் இல்லைன்னு காரணம் கேட்பாங்க. தூரம், செலவு, ஆவணம் இல்லை, நம்பிக்கை இல்லை, காசு இல்லை, மதக் காரணம், வீட்ல வேறொருத்தருக்கு இருக்கு. இதுதான் ஏறக்குறைய பட்டியல். எல்லாமே அந்த ஆளுகிட்ட உள்ள குறை, இல்லாட்டி பூகோளம். 'போனேன், நிக்க வெச்சாங்க, திரும்பி வந்துட்டேன்' என்பதற்குக் கட்டம் கிடையாது.

எங்க ஊர்ல ஒரு கிளை இருக்கு, பேரு வேண்டாம். தெருவுல நூறு நாள் வேலைக்குப் போற ஒரு அக்கா கூப்பிட்டாங்கன்னு துணைக்குப் போனேன். கவுண்டர்ல இருந்தவர் என்னைப் பார்த்து "சொல்லுங்க சார்" என்றார். பணம் எடுக்க வந்தவங்க அவங்க, நான் இல்லை. அடுத்த நிமிஷமே அவங்க பக்கம் திரும்பி, "ஏம்மா, சீட்டு எழுதிட்டு வான்னு எத்தன தடவ சொல்றது, தள்ளி நில்லு" என்றார். அந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு கூட. திரும்பி வர்றப்போ அவங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. பேசறதுக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்லையே.

சமூக விலக்கத்தை அளக்கக் கோடிக்கணக்கில் செலவு பண்ணிக் குறியீடு தயாரிக்கிறாங்க. தமிழ்ல அதுக்கு ஓசியிலேயே ஒரு கருவி இருக்கு, விகுதி. ஒரு கிளையில ஒரு நாள் பூரா ஒரு மூலையில உட்கார்ந்து யாருக்கு 'ங்க' கிடைக்குது, யாருக்குக் கிடைக்கலைன்னு கோடு போட்டு எண்ணினா போதும். யாரு எந்த சாதி, யாரு எந்தத் தெரு, யாரு எந்தத் துணி போட்டிருந்தாங்கன்னு பக்கத்துல குறிச்சிக்கலாம். இங்கிலீஷ்ல தயாராகி மொழிபெயர்த்த கேள்வித்தாள்ல இந்த 'ங்க' உட்காரவே உட்காராது.

இதுக்கு நேர் எதிரான ஆராய்ச்சியும் உண்டு. இல்லேன்னா இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன், சலிச்சுப் போய் விட்டிருப்பேன். பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆஷிஷ் தாஸ் என்று ஒரு புள்ளியியல் பேராசிரியர். அவர் ஏழை வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ரிசர்வ் வங்கி விதிகளையும் வங்கிகளின் கட்டணப் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மாசத்துக்கு நாலு தடவைக்கு மேல் பணம் எடுத்தால், ஒவ்வொரு தடவையும் ஸ்டேட் வங்கி 17 ரூபாய் 70 காசு பிடித்தது. 15 ரூபா கட்டணம், மீதி ஜி.எஸ்.டி. செல்போன்ல யு.பி.ஐ. மூலமா அனுப்பினாலும் அதே பிடித்தம். விதிப்படி அப்படிப் பிடிக்கக்கூடாது. 2015-ல் இருந்து 2020-க்குள் ஏறக்குறைய 12 கோடி கணக்குகளில் இருந்து 300 கோடிக்கு மேல் போயிருக்கிறது என்று 2021 ஏப்ரலில் கணக்குக் காட்டினார். டிஜிட்டல் பரிவர்த்தனைக்குப் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2020 ஆகஸ்டிலேயே வரித்துறை வாரியம் உத்தரவு போட்டிருந்தது. ஆனால் அது 2020 ஜனவரிக்குப் பிறகு பிடித்ததற்கு மட்டும். அதுக்கு முன்னாடி போன காசில் 164 கோடி இன்னும் திரும்பவில்லை என்று 2021 நவம்பரில் அவரே மறுபடியும் எழுதினார்.

இதுல ஒரு விஷயம் பாருங்க. நாலு தடவைக்கு மேல எடுத்தா காசு போகுதுன்னு தெரிஞ்ச ஏழை என்ன செய்வான்? கணக்கைத் தொடாம விட்டுடுவான். அல்லது மொத்தமா ஒரே தடவையில எடுத்து வீட்டு அரிசிப் பானையில வெச்சிப்பான். அப்புறம் ஒரு ஆய்வாளர் வந்து 'கணக்கு இருந்தும் பயன்படுத்தாத மனநிலை' பத்தி முனைவர் பட்டம் வாங்குவார்.

(ஜன் தன் இல்லாத சாதாரணக் கணக்குக் கதை தனி. 2017 ஏப்ரல்ல இருந்து நவம்பருக்குள்ள குறைந்தபட்ச இருப்பு இல்லைன்னு அதே வங்கி வசூலிச்சது 1,771 கோடி. 2020 மார்ச்ல அதை எடுத்துட்டாங்க. காசு இல்லாத குற்றத்துக்குக் காசுல அபராதம் போடற யோசனையை எந்த மூளை யோசிச்சது, அதுக்கு முந்தின நாள் ராத்திரி அது தூங்கிச்சா இல்லையான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணலாம்.)

இன்னொரு நல்ல உதாரணம், சுக்தேவ் தோராட்டும் பால் அட்டிவெல்லும் 2007-ல் வெளியிட்டது. வேலைக்கு விளம்பரம் கொடுத்த தனியார் கம்பெனிகளுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்கள். பேர் மட்டும் வேற. ஒண்ணுல உயர்சாதிப் பேர், ஒண்ணுல தலித் பேர், ஒண்ணுல முஸ்லிம் பேர். உயர்சாதிப் பேருக்கு இருந்த வாய்ப்போட ஒப்பிட்டா தலித் பேருக்கு மூணுல ரெண்டு பங்கு, முஸ்லிம் பேருக்கு மூணுல ஒரு பங்கு. அங்கே பரீட்சை எழுதினது யார்? கம்பெனி. ஒரு தலித் இளைஞனைக்கூட உட்கார வெச்சு 'நீங்க விலக்கப்பட்டதா உணர்றீங்களா'ன்னு கேட்கலை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

ராபின் பர்ஜெஸ், ரோஹிணி பாண்டே எழுதின ஆய்வு (2005) இன்னும் நேரடி. 1977-ல் இருந்து 1990 வரைக்கும் ஒரு விதி இருந்தது. ஏற்கெனவே வங்கி இருக்கிற ஊர்ல ஒரு கிளை திறக்கணும்னா, வங்கியே இல்லாத ஊர்ல நாலு திறக்கணும். அந்த விதி இருந்த வரைக்கும் கிராமக் கிளைகள் பெருகின, கிராம வறுமையும் குறைஞ்சதுன்னு காட்டினாங்க. அந்தக் கடன்ல நிறைய திரும்பி வரலை, அதனாலதான் கைவிட்டாங்கன்னு சொல்றவங்களும் உண்டு. விவாதிக்கலாம். ஆனா பாருங்க, கேள்வி வங்கி மேல இருக்கு. வங்கி என்ன பண்ணினா ஏழைக்கு என்ன ஆகுதுன்னு கேட்கறாங்க.

இதோட ஒப்பிட்டா பரிசோதனைக் கோஷ்டியோட புகழ்பெற்ற ஹைதராபாத் ஆய்வு எப்படி இருக்கு? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, இன்னும் ரெண்டு பேர். 104 குடிசைப் பகுதிகள், அதில் குலுக்கல் முறையில் 52-ல் மட்டும் ஸ்பந்தனா என்கிற குறுங்கடன் கம்பெனி முதல்ல கிளை திறந்தது. குறுங்கடன் வந்தால் பெண்கள் வாழ்க்கை தலைகீழாய் மாறிடும்னு அப்போ ஊரெல்லாம் ஒரே பஜனை. 2006-ல் யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் அமைதி நோபல் கொடுத்த நேரம். இந்த ஆய்வு என்ன சொன்னது? சராசரியா வீட்டுச் செலவு உயரலை, பிள்ளைகள் படிப்பு, உடல்நலம், பெண்கள் அதிகாரம் எதுலயும் பெரிய மாற்றம் இல்லை. பஜனையை நிறுத்தினதுக்கு ஒரு நன்றி.

ஆனா அது அளந்தது என்னவோ கடன் போன வீடுகளைத்தான். அதே ஆந்திராவில் 2010-ல் வசூல் கெடுபிடி தாங்காம தற்கொலைச் செய்திகள் ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணா வந்து, அக்டோபர் மாசம் அரசாங்கம் அவசரச் சட்டம் போட்டு வசூலையே கட்டிப் போட வேண்டி வந்தது. வசூலுக்கு வர்ற பையனுக்கு என்ன இலக்கு, இலக்கு தவறினா அவன் சம்பளத்துல எவ்வளவு பிடிப்பாங்க, ஒரு வீட்டுக்கு எத்தனை கம்பெனி கடன் கொடுத்திருக்குன்னு கொடுக்கும்போதே அவங்களுக்குத் தெரியுமா தெரியாதா? 'குறுங்கடன் அற்புதமா இல்லையா' என்று கடன்காரி வீட்டில் தேடினா இதுக்கெல்லாம் பதில் கிடைக்காது, கம்பெனி ஆபீஸ்ல தேடணும். அந்த இயல்காரர்களுக்கு 2019-ல் நோபலும் கிடைச்சாச்சு. நம்ம ஊர்ல வாராவாரம் குழுக்கடன் வசூலுக்கு இன்னும் பெண்கள் தெருமுனையில கூடி உட்கார்ந்துகிட்டுதான் இருக்காங்க. கட்டாய வசூலுக்கு எதிரா 2025-ல் தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது.

இதைச் சொன்னா விவரமானவங்க ஒரு பதில் வெச்சிருப்பாங்க. வங்கியும் ஆலையும் தரவு கொடுக்காது சார், உள்ளே விட மாட்டான், நாங்க என்ன பண்றது? சரியான பதில்தான். அதையே நான் இப்படிக் கேட்கிறேன். உள்ளே விட மாட்டேன்னு சொல்ல வங்கிக்கு வாட்ச்மேன் இருக்கான். ஏழை வீட்டுக்கு? அங்க போய் 'இது ஒரு ஆராய்ச்சிங்க'ன்னு சொன்னா பாய் விரிச்சு, பக்கத்து வீட்ல பால் வாங்கி டீ போட்டுக் கொடுத்து, தாலி அடகுல இருக்கறது வரைக்கும் சொல்லிடுவாங்க. அரசாங்க ஆளா இருக்கும், ஏதாவது வரும்னு ஒரு நம்பாசை. அந்தக் கதவு திறந்தே இருக்கிறதாலதான் நூலகம் பூரா அந்த வீட்டைப் பத்தின புத்தகமா இருக்கு. அதுக்கு ஆய்வு முறைன்னு பேர் வெச்சுக்கறாங்க. ஆஷிஷ் தாஸுக்கு எந்த வங்கி கதவைத் திறந்துவிட்டது? பொதுவில் கிடக்கிற விதியையும் கட்டணத்தையும் ஒரு மனுஷன் உட்கார்ந்து படிச்சார், அவ்வளவுதான்.

ரெண்டாவது பதில், 'ஏழையோட நிலைமையைத் துல்லியமா அளந்தாத்தான் திட்டம் போட முடியும்'. அளந்தீங்களே. 2011 செப்டம்பர்ல திட்டக் கமிஷன் உச்ச நீதிமன்றத்துல நகரத்துக்கு ஒரு நாளைக்கு 32 ரூபா, கிராமத்துக்கு 26 ரூபா போதும்னு வறுமைக்கோட்டைப் பைசா சுத்தமா அளந்து கொடுத்தது. ஊரே சிரிச்சுது. அப்புறம் ரங்கராஜன் குழு 2014-ல் 47, 32 என்று திருத்திச்சு. அந்தத் துல்லியத்துல பத்துல ஒரு பங்கு, 14 நாளைக்குள்ள கரும்புப் பணம் போச்சான்னு பார்க்கறதுல இருந்திருந்தா அந்த 78 சதவீதத்துல எத்தனை பேர் நகையை மீட்டிருப்பாங்க?

திருமண்டங்குடியைப் பத்திச் சொல்லாம இதை முடிக்க முடியாது. தஞ்சாவூர் மாவட்டம், பாபநாசம் பக்கம். திருஆரூரான் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு கொடுத்த விவசாயிகள் 2022 நவம்பர் 30-ல் உட்கார்ந்தார்கள், போராட்டம் வருஷத்தைத் தாண்டியும் போனது. கரும்புப் பாக்கி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்க பேர்ல பழைய ஆலை நிர்வாகம் வங்கிகள்ல கடன் வாங்கிடுச்சு, அதைக் கட்டச் சொல்லி எங்களுக்கு நோட்டீஸ் வருது என்பது அவர்கள் புகார். புதுசா பயிர்க்கடன் கேட்டுப் போனா பழைய பாக்கி குறுக்கே நிக்கும். ஆலை கைமாறிடுச்சு, விவசாயி பேர் மட்டும் வங்கிக் கணினியில மாறலை. நிதி விலக்கம்னா என்னன்னு பாடம் நடத்த இதைவிட ஒரு இடம் உலகத்துல உண்டா? இங்கே யாருக்கு நிதி அறிவு போதலை? கடன் வாங்கினதே தெரியாத விவசாயிக்கா, ஆளைப் பார்க்காம அவன் பேர்ல கடன் கொடுத்த மேனேஜருக்கா?

தமிழ்நாட்டுக் கடன் உலகத்தைப் பொறுமையா, உள்ளே இருந்து பார்த்தவங்களும் இருக்காங்க. இசபெல் கெரான், சந்தோஷ் குமார், வெங்கடசுப்ரமணியன் மூணு பேர் சேர்ந்து கடன்பட்ட பெண்ணைப் பத்தி 2023-ல் ஒரு புத்தகம் கொண்டுவந்தாங்க. பழைய தென்னாற்காட்டுப் பக்கம் வருஷக்கணக்கில் பழகி எழுதினது. கடன் பொம்பளை உடம்பு வரைக்கும் எப்படி வருதுன்னு கூசாம எழுதியிருக்காங்க. ஆனா அந்தப் புத்தகம் வந்தது ஸ்டான்ஃபோர்டில், இங்கிலீஷில். அந்தப் பெண்களில் யாரும் அதைப் படிக்கப் போறதில்லை. அது அவங்க மூணு பேர் குற்றம்னு சொல்ல மாட்டேன், பல்கலைக்கழக உலகமே அப்படித்தான் சம்பளம் கொடுக்குது. ஆனா '464 பேர்'னு எண்ணா ஆனவங்களுக்கு, 'உங்ககிட்ட கேட்டதுல இருந்து நாங்க தெரிஞ்சுகிட்டது இதுதாங்க'ன்னு நாலு பக்கம் தமிழ்ல அச்சடிச்சு டீக்கடையில கொடுக்க எவ்வளவு செலவாகும்? ஒரு மாநாட்டுக்கு ஒரு விமான டிக்கெட் விலைகூட ஆகாது.

பதிவுலக நண்பர்கள்ல சில பேர் ஆராய்ச்சிப் படிப்புல இருக்கீங்க, பொருளாதாரம், சமூகவியல்னு. சில பேர் வங்கியிலயே வேலை பார்க்கறீங்க. உங்களுக்குத்தான் இது. தலைப்பு தேடி அலையாதீங்க, கேள்வித்தாளே நான் தர்றேன். கிளை மேனேஜரை உட்கார வையுங்க, டீ நீங்க வாங்கிக் கொடுங்க. போன வருஷம் உங்க கிளையில் அடிப்படைக் கணக்கு கேட்டு வந்து, கணக்கில்லாம திரும்பிப் போனவங்க எத்தனை பேர்? அதுக்குப் பதிவேடு உண்டா? பயிர்க்கடன் மனுவைக் கையெழுத்து போடறவர் நேர்ல வந்தாரான்னு யார் பார்த்தது? பாஸ்புக் மெஷின் கடைசியா எப்ப ஓடிச்சு? கவுண்டர்ல எத்தனை ஸ்டூல், அதுல யார் உட்காரலாம்? அப்படியே சர்க்கரை ஆலைக்கும் ஒரு நடை போய், முட்டைக் கணக்கு கேட்கிற அதே பொறுமையோட கேளுங்க. போன சீசன்ல எத்தனை பேருக்கு 14 நாளைக்குள்ள பணம் போட்டீங்க? தாமதமானவங்களுக்கு 15 சதவீத வட்டி எவ்வளவு கொடுத்தீங்க? யாராவது கேட்டு பதில் வாங்கினீங்கன்னா பின்னூட்டத்துல போடுங்க. தனிப் பதிவாவே போட்டுடலாம்.